ஐந்தாவது மாதத்தில் பெனிட்டா வந்தாள்

முத்துநகர் எழும்பூர் வந்து சேருமுன்பே
ஃபோனில் சொல்லியிருந்தேன்:
"நீ வா, எல்லா இடமும் எனக்குத் தெரியும்."
எனக்குத் தெரிந்தது
சைதாப்பேட்டை ஹாஸ்டலிலிருந்து
கிண்டி ஆபீஸ் வரைக்கும்.
நடுவில் ஒரு ஏடிஎம், ஒரு மெடிக்கல்,
மழை பெய்தால் மூழ்கும் ஒரு சுரங்கப்பாதை.

ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்து
மாடியில் காயப்போட்டு
காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்,
யாரும் எடுத்துவிடக் கூடாதென்று.
இதை அவளிடம் சொல்லவில்லை.

இறங்கினாள். தோளில் ஒரு பை,
கையில் மக்ரூன் டப்பா.
"ஏட்டி, பசிக்கி."

வடகறி என்று எழுதிய கடையைத்
தினமும் இரண்டு முறை கடந்திருக்கிறேன்.
வடையில் என்ன கறி என்று கேட்கக் கூச்சம்.
அவள் கேட்டாள்,
கரண்டி பிடித்திருந்தவரிடமே.
"நேத்து வடையா?"
முறைத்தார். பிறகு,
"தின்னுட்டுச் சொல்லும்மா" என்று
செட் தோசையின் தலையில் ஊற்றினார்.
சோம்பு மணந்தது.
மூன்று தரம் வாங்கினாள். ஒன்றும் சொல்லவில்லை.

சௌகார்பேட்டையில் என் ஃபோன் செத்தது.
அதில்தான் இருந்தது என் அறிவு முழுவதும்,
எண் போட்டு எழுதிய பதினோரு கடைகள்.
மின்ட் தெருவில் ஒரு மாடு
எங்களை இடதுபக்கம் தள்ளியது.
இடதுபக்கம் போனோம்.
இரண்டு முறுக்குக்கு நடுவே
வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி;
கடித்ததும் பாதி அவள் துப்பட்டாவில்.
கடைப் பையன் இந்தியில் ஏதோ சொல்ல
நான் தமிழில் தலையாட்டினேன்.
"ஒனக்கு இங்க எல்லாரையும் தெரியுமோ?"
இல்லையென்று நான் சொல்லவில்லை.

சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ.
ஆரஞ்சு நூடுல்ஸைக்
கடைக்கார அக்கா வெறுங்கையால் பிசைந்தாள்.
முட்டைகோஸ், வறுத்த வெங்காயம்,
புளித்தண்ணீர், பூண்டெண்ணெய்.
வாழைத்தண்டு சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே
பெனிட்டா சொன்னாள்,
நிச்சயம் நின்றுபோனதை.
நாலு வாக்கியம்.
ஐந்தாவது, "இன்னொரு முட்டை வாங்குவமா?"
வாங்கினோம்.
துறைமுகத்து லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.
அந்தச் சத்தத்தில்
ஆறுதலாக எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஞாயிறு, விடியுமுன் காசிமேடு.
இங்கே அவள்தான் ஊர்க்காரி.
செவுளைத் தூக்கினாள், கண்ணை அழுத்தினாள்,
"ஐஸ் மீன்" என்று தீர்ப்புச் சொன்னாள்.
சீலா இருக்கா என்றதும்
மீன்காரம்மா மூக்கு நீண்ட வேறொன்றைத் தூக்க,
"இது ஊளில்லா! நான் சீலா கேட்டேன்."
"இதாம்மா சீலா. நீ கேக்கறது வஞ்சிரம்."
ஒரே கடல்தான்.
அறுநூறு கிலோமீட்டரில்
மீன் பெயரை மாற்றிக்கொள்கிறது.
இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.
பேரம் படிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது,
எனக்கு அடுப்பில்லை.
அந்த அம்மா திட்டியதில் இரண்டு வார்த்தையை
ஹாஸ்டல் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

மத்தியானம் எங்கும் போகவில்லை.
மாடியில், என் துணிகள் காயும் நிழலில்
அவள் தூங்கினாள்.
முழுசாக இரண்டரை மணி நேரம்.
ஒரு தரம் தூக்கத்திலேயே
யாரையோ வேண்டாம் என்றாள்.

ஏழரைக்கு வண்டி.
ஜன்னல் கம்பிக்கு உள்ளேயிருந்து
"ஒனக்கு ஊரு செட்டாயிட்டுட்டி" என்றாள்.
பதில் தேடுவதற்குள் நகர்ந்துவிட்டது.
கையில் காலி மக்ரூன் டப்பா.

திங்கள் காலை, பழக்கத்தில்
கடையைக் கடந்துவிட்டேன்.
திரும்பி வந்தேன்.
கரண்டிக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.
"எங்க, நேத்து வடையான்னு கேட்டுச்சே, அது?"
ஊருக்குப் போயிட்டா.
"நீ?"
இங்கதாண்ணா. இந்தத் தெருதான்.
கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினார்.

நேற்று வடைதான்.
எனக்குத் தெரிந்துவிட்டது.